டப்பா வெள்ளை

மாஸ்டர் வீட்டுக் காரை ஒரு மினி லாரி கோரிப்பாளையம் சிக்னலில் உரசிவிட்டுப் போனது தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆனி மாதக் கடைசியில். இடது பக்கத்துக் கதவு இரண்டிலும் பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. காரில் இருந்த யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. ஆனால் அந்தத் தகரத்தை வைத்து அந்த வீட்டில் இருபது நாள் சண்டை நடந்தது. நான் மாடியில் குடியிருந்தேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை, சாய மாஸ்டர். பெயர் நாகசுப்பிரமணியன். வயது அறுபதைத் தொட்டிருந்தது. மதுரை மகாலுக்குப் பின்னால் பந்தடித் தெரு ஒன்றில் முன்பக்கம் வீடு, பின்பக்கம் சாயப்பட்டறை. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கொட்டகையின் கீழ் இரண்டு செம்புத் தொட்டி, அடியில் விறகடுப்பு, அவ்வளவுதான். பட்டு வியாபாரிகள் வெள்ளைப் பட்டுநூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டிக் கொடுப்பார்கள். கூடவே விரல் நீளத்துக்கு ஒரு சாம்பிள் துண்டு. அந்தத் துண்டில் இருக்கிற நிறம் நூலில் அப்படியே வரவேண்டும். மாஸ்டர் தராசு வைத்துக்கொள்வதில்லை. தூளைக் கரைத்து ஊற்றுவார், நூலை முக்குவார், ஒரு சிட்டத்தை எடுத்துப் பிழிந்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாம்பிளோடு சேர்த்துப் பிடிப்பார். தலையை ஆட்டினால் முடிந்தது. முப்பது வருஷம் அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். எங்களோடு பேசும்போது மதுரைத் தமிழ், தங்களுக்குள் வீட்டுப் பாஷை. பதினோரு வருஷம் மாடியில் இருந்ததில் அந்தப் பாஷையும் எனக்கு முக்கால்வாசி பிடிபட்டுவிட்டது, குறிப்பாகச் சண்டைப் பகுதி. அதனால் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்கிறேன்.

அந்த வருஷம் மாஸ்டருக்கு நேரம் சரியில்லை. வைகாசியில் அடுத்தடுத்து இரண்டு லாட் நூல் திரும்பி வந்தது. கோகுல்நாத் என்ற பட்டு வியாபாரி, மாஸ்டருக்குத் தூரத்துச் சொந்தம், நேரிலேயே வந்து மூட்டையை இறக்கிவைத்தார். "மாமா, வெங்காயக் கலர் கேட்டா செங்கல் கலர் வந்திருக்கு. என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார். மாஸ்டர் தூளில் கலப்படம் என்றார். கோகுல்நாத் மரியாதையான மனுஷன், தர்க்கம் பண்ணவில்லை. "சரி மாமா, இன்னொரு தடவை அதே கலர் தாரேன். அதுவும் சரியா வரலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிடுறேன், கோவிச்சுக்கிடாதீக" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டுக்கு முக்கால்வாசி வேலை தருபவர் அவர்தான். அந்த மூன்றாவது லாட்டுக்கு ஆடி மாதம் நாள் குறித்திருந்தது. இந்தச் சமயத்தில்தான் கார் உரசப்பட்டது.

முதலில் அதைப் பெயின்ட் ஷெட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். மகன் வெங்கடேஷ்பாபு ஓட்ட, மாஸ்டர் முன்னால் உட்கார, சும்மா போகிற வண்டியை விடுவானேன் என்று நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஷெட் வைத்திருந்தவன் மலைச்சாமி, அலங்காநல்லூர்ப் பக்கத்து ஆள். கதவைத் தட்டிப் பார்த்தான், விரலால் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, கதவை மட்டும் அடிச்சா தனியாத் தெரியும். பன்னெண்டு வருசம் வெயில்ல காஞ்ச வண்டி இது. புது வெள்ளை அடிச்சா பழைய வெள்ளையோட ஒட்டாது. முழு வண்டியும் அடிச்சிருவோம். பத்து நாள் விட்டுட்டுப் போங்க."

"ஒட்டாதுன்னா?"

"மேட்ச் வராதுண்ணே."

"யாருக்கு வராது?"

மலைச்சாமிக்கு எதிரே நிற்பது யாரென்று தெரியாது. "எவனுக்கும் வராதுண்ணே. வெள்ளைதான் இருக்கதுலயே கஷ்டம்" என்றான்.

மாஸ்டர் ஒரு சிரிப்புச் சிரித்தார். எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று, இந்த வண்டி இந்த ஷெட்டுக்குத் திரும்பாது என்று. "தம்பி, நீங்க சொல்றது சரி. புது வெள்ளை இதுல ஒட்டாது. வெள்ளையில எம்புட்டு வெள்ளை இருக்குன்னு எனக்குத் தெரியும். காஞ்ச வெள்ளைக்குக் காஞ்ச வெள்ளையத் தேடணும். கண்ணு இருந்தா கிடைக்கும்" என்றார். வரும் வழியிலேயே முடிவு சொல்லிவிட்டார். கடையில் ஸ்பிரே டப்பா வந்திருக்கிறது, அழுத்தினால் பெயின்ட் வரும், நாமே அடித்துக்கொள்ளலாம்.

வெங்கடேஷ்பாபுவுக்கு இதில் விருப்பம் இல்லை, ஆனால் அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமும் இல்லை. "அப்பா, கார் பெயின்ட் வேற, நூல் வேறப்பா" என்று ஒரு தடவை சொன்னான். "கலர் ஒண்ணுதாண்டா" என்றதும் அடங்கிவிட்டான்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வசுந்தரா அம்மாதான். மாஸ்டரின் மனைவி. கீரைக்காரியிடம் அரை மணி நேரம் பேரம் பேசி, அதற்குப் பிறகு ஒரு கைப்பிடி கொசுறும் வாங்குகிறவர். அவர் இந்த விஷயத்தில் "கடையில குடுங்க, என்ன கேட்டாலும் குடுங்க" என்று நின்றார். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டில் ஒரு தடவை, விளக்கு வைத்ததும் ஒரு தடவை. மாஸ்டர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் ரசம் ஊற்றிக்கொள்ளவில்லை. என் மனைவி ஸ்ரீலக்ஷ்மி, "இதுல என்னமோ இருக்கு" என்றாள். இருக்கிறது என்று எனக்கும் தெரியும். என்ன இருக்கிறது என்று தெரியாமல் டெலிபோன் ஆபீசில் எனக்கு வேலையே ஓடவில்லை.

பதில் தானாகவே மாடி ஏறி வந்தது. சாயம் போட்ட சிட்டங்களை மூங்கிலில் காயப்போட வசுந்தரா அம்மா மொட்டை மாடிக்கு வருவார். அன்று நான் லீவு. வேட்டி எடுக்கப் போனவனை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்கதான் அவரைத் தடுக்கணும்."

"டப்பா பெயின்ட்தானேம்மா? அடிச்சுட்டுப் போகட்டுமே. நல்லா வரலேன்னா அப்புறம் கடையில குடுத்துக்கலாம்."

அவர் படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அவருக்குக் கலர் தெரியலண்ணே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் ஈரச் சிட்டத்தை உதறிக்கொண்டே, நிலவரம் சொல்கிற குரலில் சொன்னார்.

"நாலு வருசமாச்சு. மொதல்ல ஒரு கிளிப்பச்சை லாட்டு. சாம்பிளோட சேத்து வச்சுப் பாத்தார், சரியா இருக்குன்னார். எனக்கு மஞ்சளா அடிச்சுச்சு. சரி, வெயிலா இருக்கும்னு விட்டேன். அவர் டீக்குப் போனார். எனக்கு மனசு கேக்கல. ஒரு கிள்ளு நீலத்தைக் கரைச்சு ஊத்தினேன். திரும்பி வந்து பாத்துட்டு அப்பவும் சரின்னார். அண்ணே, முன்னாடியும் சரி, பின்னாடியும் சரின்னா என்ன அர்த்தம்?"

"அன்னிலேர்ந்து?"

"அன்னிலேர்ந்து அவர் டீக்குப் போறப்பல்லாம் நான் தொட்டிக்குப் போறேன். ஒரு கிள்ளு, ரெண்டு கிள்ளு. நீலம் மட்டும்தான் அவர் கண்ணுக்குக் குறையுது. வைகாசியில மக இந்துப்ரியா பிரசவத்துக்குக் கோயமுத்தூர் போனேன்ல, முப்பத்தஞ்சு நாள்? அப்பப் போட்ட லாட்டு ரெண்டுந்தான் திரும்பி வந்துச்சு."

பதினோரு வருஷமாக அந்த வீட்டில் எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"சொல்லியிருக்கலாமேம்மா. கண்ணுல புரை விழுந்திருக்கும். நம்ம ஊர்க் கண்ணாஸ்பத்திரிக்கு இதுக்குன்னே எங்கெங்கிருந்தோ பஸ் பிடிச்சு வர்றாங்களே."

"டெஸ்ட்டுக்கு வாங்கன்னா எனக்கென்ன கேடுங்கறார். தொழிலே கண்ணுதான். அந்தக் கண்ணு போச்சுன்னு நான் எந்த வாயால சொல்ல? அதும்போக, தொட்டி வச்சவன் கைதான் தொட்டிக்குள்ள போகணும்னு அவுக அப்பா காலத்துலேர்ந்து நேமம். அடுத்தவன் கை பட்டா அந்தத் தண்ணியவே கொட்டிருவார். நான் நாலு வருசமா கைய விட்டிருக்கேன்." அவர் கண் கலங்கியது. உடனே மூக்கைச் சிந்திக்கொண்டு சாதாரணமாகிவிட்டார். "தொட்டின்னா நான் கிள்ளிப்போட்டுச் சமாளிப்பேன். டப்பாவுல எங்கிட்டுப் போய்க் கிள்ளிப்போட? அடைச்சுல்ல வச்சிருக்கான். அந்த வண்டி வாசல்ல நிக்கும், தெருவே பாக்கும். மூணாவது லாட்டு வேற இருக்கு. மாஸ்டருக்குக் கண்ணு தெரியலன்னு கோகுல்நாத் காதுல விழுந்தா அம்புட்டுத்தான்."

தடுக்கிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். நான் ஒரு கோழை என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் என்னையே கடைக்குக் கூப்பிட்டார். அவருடைய டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். வெளிவீதியில் கார் சாமான் கடை. கடைக்காரர் நான்கு டப்பாக்களை எடுத்து வைத்தார். நான்கும் வெள்ளை வகை என்றார். "சார், வண்டி பானெட்டைத் தூக்கினா உள்ள ஒரு தகட்டுல கலர் நம்பர் போட்டிருக்கும். அதைக் குறிச்சுட்டு வாங்க, கரெக்டாத் தந்துர்றேன்" என்றார்.

"நம்பர் கம்பெனிக்காரனுக்கு" என்றார் மாஸ்டர். "பன்னெண்டு வெயில் பாத்த வெள்ளைக்கு ஏது நம்பர்?"

ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, நான்கு டப்பாவிலும் ஒவ்வொரு பீச்சு அடிக்கச் சொன்னார். அட்டையை வாசலுக்குக் கொண்டுபோனார். காரிலிருந்து உரிந்து விழுந்த ஒரு பெயின்ட் சில்லைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்துத் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, விலக்கி, கிட்டே கொண்டுவந்து, கால் மணி நேரம் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் பார்த்த பார்வையில் எனக்கே வசுந்தரா அம்மா சொன்னது பொய்யாக இருக்குமோ என்று தோன்றிவிட்டது. அவ்வளவு நிதானம். கடைசியில் மூன்றாவதைத் தொட்டார்.

"இதுதான். அப்படியே உக்காந்திருக்கு பாருங்க சார்."

மூன்றாவது, உள்ளதைச் சொன்னால், சந்தனம். ஊதுபத்தி கம்பெனி காலண்டரில் வருகிற சந்தனம். டப்பா மூடியிலும் அப்படித்தான் இங்கிலீஷில் எழுதியிருந்தது. இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன்.

"மாஸ்டர், கொஞ்சம் மஞ்சளா இருக்க மாதிரி..."

"ஈரம் சார். ஈரத்துல எதுவும் ஒரு படி தூக்கலாத்தான் தெரியும். காஞ்சாத் தெளிஞ்சிரும்."

முப்பது வருஷம் ஈரநூலைப் பார்த்தே காய்ந்த நிறத்தைச் சொன்னவர் சொல்கிறார். நூலுக்கு அது சரிதான். பெயின்டுக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் கடைக்காரரைப் பார்த்தேன். மூன்றாவதில் ஆறு டப்பா கட்டச் சொல்லிவிட்டார் மாஸ்டர். வீட்டுக்கு வந்ததும் வசுந்தரா அம்மா கட்டைப் பிரித்து மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மாடிக்கு ஓடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அதில் பீச்சுகிற பெயின்டை எங்கே பிடிப்பது? அதனால் காற்று கிளம்புமுன், விடிந்ததும் ஆரம்பித்துவிட்டார். உரிந்த இடத்தில் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சுக் கொடுக்கிற வேலை முந்தின நாளே முடிந்திருந்தது. கதவைச் சுற்றி நியூஸ்பேப்பரை ஒட்டி, வாசலில் இரண்டு பக்கமும் கயிறு கட்டிப் பழைய வேட்டிகளைத் தொங்கவிட்டார். டப்பாவைக் காதுப் பக்கம் வைத்து, உள்ளே இருக்கிற குண்டு கடகடவென்று உருள உருள நூறு எண்ணிக் குலுக்கினார். பிறகு ஒரு சாண் தள்ளிப் பிடித்து அழுத்தினார்.

வேலை என்றால் அது வேலை. கதவின் விளிம்புக்கு வெளியே ஆரம்பித்து, கையை எங்கேயும் நிறுத்தாமல், மறு விளிம்பைத் தாண்டியதும் விரலை எடுப்பார். ஒரு சொட்டு வழியவில்லை, ஒரு திட்டு விழவில்லை. ஒரு பூச்சு, கால் மணி ஆறவிடுவது, அடுத்த பூச்சு. நடுவில் வசுந்தரா அம்மா முள்ளுமுருங்கை வடை சுட்டுக் கொண்டுவந்து வைத்தார். எண்ணெய் வாசனையும் பெயின்ட் வாசனையும் கலந்து தெருவே தும்மியது. பக்கத்து வீட்டு அன்னக்கொடி பால் வாங்கப் போகிறபோது நின்று பார்த்து, "மாஸ்டர், கை மெஷின் மாதிரி போகுது" என்றாள். உண்மைதான். ஒவ்வொரு பூச்சுக்கும் கதவு இன்னும் அழகாகச் சந்தனமாகிக்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்குப் பேப்பரை உரித்தார். காய்ந்து தெளியும் என்றாரே, காய்ந்ததும் ஒரு படி ஏறித்தான் நின்றது. முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை, நடுவில் இரண்டு கதவு மட்டும் சந்தனம். வெங்கடேஷ்பாபு வாய் திறந்தான், அம்மா கையைப் பிடித்ததும் மூடிக்கொண்டான். வேடிக்கை பார்க்க நாலு பேர் நின்றார்கள். எங்கள் தெருவில் பெரியவர்கள் முகத்துக்கு நேரே எதுவும் சொல்வதில்லை, முதுகு திரும்பிய பிறகுதான்.

மாஸ்டர் நாலடி பின்னால் வந்து பார்த்தார். முகம் மலர்ந்துபோயிருந்தது. வைகாசிக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"வருதா சார்? எங்கிட்டு ஒட்டுன்னு சொல்லுங்க பாப்போம்."

"தெரியல மாஸ்டர்" என்றேன். அந்தப் பொய்யை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அப்போதுதான் மலைச்சாமி வந்தான். வேலை முடித்த ஒரு வண்டியை மகால் பக்கம் யாருக்கோ ஒப்படைக்கப் போகிறவன், மாஸ்டரைக் கண்டதும் நிறுத்தி இறங்கினான். கதவைக் குனிந்து பார்த்தான், விரல் முட்டியால் தொட்டுப் பார்த்தான். தொழில்காரனுக்குத் தொழில்காரன் வேலை தெரியும்.

"டப்பாவுல அடிச்சதாண்ணே இது? ஒரு வழிசல் இல்லையே! என் பயலுக ஸ்பிரே கன் வச்சு அடிச்சாக்கூட இப்படி வராதுண்ணே. ஒட்டாதுன்னு நான் சொன்னதுக்குச் சரியான யோசனை பண்ணிட்டீக. வெள்ளைய வெள்ளையோட ஒட்டவச்சாத்தானே வம்பு? கதவை மட்டும் சந்தனத்துல எடுத்துட்டீக. டபுள் கலர் நல்லா எடுப்பா இருக்குண்ணே!"

அவன் மனசாரப் பாராட்டினான். கை கொடுத்துவிட்டு வண்டியேறிப் போயும்விட்டான்.

"சந்தனமா?" என்றார் மாஸ்டர்.

அவர் மனைவியிடம் திரும்பினார். "வசு, இது என்ன கலர்?"

"வெள்ளைதான்."

"கதவைப் பாக்காம தரையப் பாத்துச் சொல்றியே."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நின்று யோசித்தார். திரும்பி வந்த லாட்டுக்குக் காரணம் தேடுகிறபோது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிறகு, "சார், கொஞ்சம் பட்டறைக்கு வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார். கூடவே வசுந்தரா அம்மாவும் வந்தார்.

மாஸ்டர் அலமாரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். அவர் கையாலேயே தயாரித்த வெளிர் நிறங்களின் சாம்பிள், ஆறு துண்டு. பால், முத்து, வெண்ணெய், சந்தனம், இளநீலம், இளம் எலுமிச்சை. ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர் எழுதியிருக்கும். ஊசியைக் கழற்றி ஆறையும் என் கையில் கொடுத்துக் கலைக்கச் சொன்னார். வாசல் வெளிச்சத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணொண்ணாக் காட்டுங்க. நான் சொல்றேன். பின்னாடி பாத்து உள்ளதை உள்ளபடி சொல்லணும். இனிமே பொய் சொல்லாதீக."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. முதல் துண்டைக் காட்டினேன்.

"பால்."

"இளநீலம், மாஸ்டர்."

"அடுத்தது... முத்து."

"இளம் எலுமிச்சை."

மூன்றாவதும் தப்பு, நான்காவதும் தப்பு. ஐந்தாவதை மட்டும் வெண்ணெய் என்று சரியாகச் சொன்னார். ஆறாவதைக் காட்டியபோது பதில் சொல்லாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இளநீலத் துண்டையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கிட்டே பிடித்தார், தூரப் பிடித்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது சார். துளி வித்தியாசம் இல்ல. உங்களுக்கு எம்புட்டு வித்தியாசம்?"

"நெறைய மாஸ்டர். ஒண்ணு நீலம், ஒண்ணு சந்தனம்."

"அம்புட்டா!" என்றார். வருத்தத்தை விட அந்தக் குரலில் வியப்புத்தான் இருந்தது. இளநீலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நான்தான் போட்டேன். இவ கல்யாணமாகி வந்த வருசம் போட்டது." பிறகு மெதுவாக விரலை மடக்க ஆரம்பித்தார். "இது நேத்து வந்த கோளாறு இல்ல. அப்ப போன தீபாவளி லாட்டு எப்படிச் சரியாப் போச்சு? அதுக்கு முந்தின வாடாமல்லி எப்படிப் போச்சு? வைகாசியில மட்டும் ஏன்..." நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார். "வைகாசியில நீ கோயமுத்தூர்ல இருந்த."

வசுந்தரா அம்மா தலையாட்டினார்.

"தொட்டியில கைய விட்டியா?"

"விட்டேன்."

"எத்தனை நாளா?"

"நாலு வருசமா."

அவர் எழுந்து, எங்களைத் தாண்டி, வீட்டைத் தாண்டிப் போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணி வரை இறங்கவில்லை. சாப்பாடு ஆறிப்போயிற்று. ஆடிக் காற்றில் தொங்கவிட்ட வேட்டிகள் படபடவென்று அடித்தன. வசுந்தரா அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். நேமத்தை மீறிய குற்றத்துக்காக இல்லை. "நாலு வருசமா நல்லாருக்கு நல்லாருக்குன்னு எல்லாரும் சொன்னது அவருக்கு இல்லேன்னு ஆயிப்போச்சேண்ணே. அதைப் பிடுங்கிட்டேனே" என்றார்.

இரண்டு மணிக்கு இறங்கி வந்தவர் ஆறின சோற்றைச் சாப்பிட்டார். மகனிடம், "புதன்கிழமைக்கு லீவு சொல்லிரு, கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். மனைவியிடம் ஒரு வார்த்தை கிடையாது.

கோகுல்நாத் மறுநாள் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. வெங்காயக் கலர், மூன்றாவது லாட். காலை ஆறு மணிக்குப் பட்டறையில் புகை கிளம்பியது. இந்த லாட்டை மாஸ்டர் தனியாகவே போடப் போகிறாரா, வீம்புக்குத் தொழிலையே விட்டுவிடுவாரா என்று எனக்குப் படுக்கையில் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் பிடிக்கிற சாக்கில் குடத்தோடு கீழே இறங்கினேன்.

மாஸ்டர் தூளைக் கரைத்து ஊற்றி, குச்சியில் தொங்குகிற சிட்டங்களைத் திருப்பித் திருப்பி முக்கிக்கொண்டிருந்தார். வசுந்தரா அம்மா அடுப்புப் பக்கம் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். ஏழரை மணிக்கு ஒரு சிட்டத்தை எடுத்துப் பிழிந்து, வழக்கம்போல வாசல் வெளிச்சத்துக்குப் போனார். சாம்பிளைச் சேர்த்துப் பிடித்தார். தலையை ஆட்டவில்லை. அப்படியே நின்றார். பிறகு திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"பாரு."

வசுந்தரா அம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தார். சிட்டத்தை வாங்கி ஒரு பார்வைதான் பார்த்தார்.

"செங்கல்லாத்தான் இருக்கு. நீலம் வேணும்."

"போடு."

அவர் அலமாரியைத் திறந்து நீலத்தை இரண்டு விரலால் கிள்ளினார், செம்பில் வெந்நீர் விட்டுக் கரைத்தார், தொட்டிக்கு வந்தார். செம்பு வாய் தொட்டிக்கு மேலே வந்ததும் கை நின்றுவிட்டது. மாஸ்டர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாய்க்கப் போனார், நிறுத்தினார். மறுபடி சாய்க்கப் போனார், முடியவில்லை.

"என்ன?" என்றார் மாஸ்டர்.

"நீங்க கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க. நீங்க பாத்தா எனக்குக் கை வர மாட்டேங்குது."

தொட்டி வைத்த பிறகு டீக்குப் போகிற பத்து நிமிஷம் தவிர அதை விட்டுக் கண்ணெடுக்காத மனுஷர் ஒரு கணம் மனைவியையே பார்த்தார். பிறகு சொன்னபடி திரும்பினார். புகை படிந்த சுவரைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அங்கிருந்தே, "எம்புட்டுன்னு மட்டும் சொல்லிட்டுப் போடு" என்றார்.